கற்றல் கணக்கு யார் கையில்?

மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட எக்செல்சாஃப்ட் டெக்னாலஜிஸ் என்னும் நிறுவனம் 2025 நவம்பரில் 500 கோடி ரூபாய் பங்குகளைப் பொது வெளியீடாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் 180 கோடி மட்டுமே நிறுவனத்துக்குள் வந்த புதிய மூலதனம். எஞ்சிய 320 கோடி, உரிமையாளர் தரப்பு தன் கைவசமிருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்றுப் பெற்ற தொகை. மாணவர் கற்றலை நிர்வகிக்கும் மென்பொருள், இணையத் தேர்வு நடத்தும் மென்பொருள், தேர்வு எழுதுபவரைக் கேமரா வழியே கண்காணிக்கும் மென்பொருள் ஆகியவை இந்நிறுவனத்தின் சரக்குகள். அதன் வருவாயில் பாதிக்கும் மேற்பட்டது பிரிட்டனின் பியர்சன் குழுமம் என்ற ஒற்றை வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. மைசூருவின் பொறியாளர்கள் உழைத்து உருவாக்கும் கருவிகள், பெரும்பாலும் வேறு நாட்டுப் பிள்ளைகளின் முன்னேற்றத்தை அளந்துகொண்டிருக்கின்றன.

இதில் சட்டமீறல் ஏதுமில்லை. இந்த நிறுவனம் மட்டும் செய்யும் வேலையுமல்ல. ஆயினும் ஹுணசூரு சாலையில் உள்ள ஹூட்டகள்ளித் தொழிற்பேட்டையிலிருந்து அதே சாலையில் மேற்கே சென்றால் ஹுணசூரு வரும். அதற்கப்பால் நாகரஹொளெ காட்டோரத்தில் ஜேனு குருபர் முதலிய ஆதிவாசி மக்கள் வாழும் ஹாடிகள் வரும். அந்தக் குழந்தைகள் பயிலும் ஆசிரமப் பள்ளிகளில், எந்தக் குழந்தை எதைக் கற்றது, எதில் தடுமாறுகிறது, தடுமாறும் குழந்தைக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பவர் யார் என்னும் கேள்விகளுக்கு விடை தரும் ஏற்பாடு எது? ஒரே சாலையின் இரு முனைகளுக்கு இடையிலான இந்தத் தொலைவே இன்றைய கல்வி அரசியலின் மையப் பிரச்சனை.

இணையவழித் தனிப்பயிற்சித் தளங்கள் செய்யும் வேலை வெளிப்பார்வைக்கு எளிமையானது. பெற்றோர் ஒரு செயலியில் பதிவு செய்கிறார். பாடம், வகுப்பு, நேரம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்ததும் தளம் ஒரு தனிப்பயிற்சியாளரைக் காட்டுகிறது. வருகைப் பதிவும், வகுப்பு நேர அட்டவணையும், கட்டண நினைவூட்டலும் தானாக நடக்கின்றன. மாத முடிவில் வண்ணப் பட்டைகளோடு ஒரு முன்னேற்ற அறிக்கை பெற்றோரின் கைபேசிக்கு வந்து சேர்கிறது. சரஸ்வதிபுரத்திலோ குவெம்பு நகரிலோ வீட்டு முன்னறையில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஓர் ஆசிரியைக்குக்கூட, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்த கணக்கை இத்தகைய கருவி ஒழுங்குபடுத்தித் தருகிறது. அந்தப் பயனை மறுக்க வேண்டியதில்லை.

சிக்கல் அந்த வண்ணப் பட்டையில் தொடங்குகிறது. ஒவ்வொரு வினாவோடும் ஒரு திறன் இணைக்கப்பட்டிருக்கும். குழந்தை சரியாக விடையளித்தால் அந்தத் திறனில் அது தேர்ச்சி பெற்றிருப்பதற்கான வாய்ப்பு என்று கணினி வைத்திருக்கும் எண் உயரும், தவறினால் குறையும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990களில் செம்மைப்படுத்தப்பட்ட இந்தக் கணிப்பு முறையின் வழிவந்தவையே இன்றைய பல கருவிகள். அது நேர்மையான ஆய்வுதான். ஆனால் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். கருவி அதைத் தவறு என்று குறித்து அடுத்த வினாவுக்குப் போகிறது, அல்லது அதே வகையில் இன்னொரு வினாவைத் தருகிறது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர், ‘எப்படிச் செய்தாய், சொல்’ என்று கேட்கிறார். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியதாகக் குழந்தை சொல்லும் அந்த நொடியில்தான், பின்னம் என்பது ஒரே எண் என்று அது இன்னும் உணரவில்லை என்பது தெரிகிறது. கற்றலைப் பின்தொடர்வது என்பதன் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதைக் கேட்க நேரமுள்ள ஆசிரியர் வேண்டும்.

இந்த வேலையை நாட்டின் சட்டம் யாரிடம் ஒப்படைத்திருக்கிறது என்பது பலருக்கும் நினைவில் இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரையறுக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுமிடத்தில் கூடுதல் பயிற்சி அளிப்பது அவற்றுள் ஒன்று. பெற்றோரை முறையாகச் சந்தித்து, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது இன்னொன்று. அதே சட்டத்தின் 28ஆவது பிரிவு பள்ளி ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. அதாவது, தனிப்பயிற்சிச் செயலிகள் மாதக் கட்டணத்துக்கு விற்கும் மதிப்பீடு, கூடுதல் பயிற்சி, பெற்றோருக்கான அறிக்கை ஆகிய மூன்றும் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியிலேயே, கட்டணமின்றிக் கிடைக்க வேண்டியவை. சட்டம் உரிமையாகத் தந்ததையே சந்தை சரக்காக்கிப் பெற்றோரிடம் திருப்பி விற்கிறது.

உரிமை ஏட்டில் நின்றுபோனதற்குக் காரணம் ஆசிரியர்களின் சோம்பல் அல்ல. நடுத்தர வர்க்கத்தின் உரையாடல்களில் இந்தப் பழி அடிக்கடி வீசப்படுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. தொடக்கப் பள்ளியில் முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றும், காலிப் பணியிடங்கள் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. நடப்பு என்ன? ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, நாட்டில் ஒரு லட்சத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கின்றனர். கர்நாடகத்தில் மட்டும் இத்தகைய பள்ளிகள் 7,000க்கும் மேல். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல், பல்லாயிரக்கணக்கான அதிதி ஆசிரியர்களை மதிப்பூதியத்தில் அமர்த்திக் காலம் தள்ளுவது அங்கே ஆட்சிகள் மாறினாலும் மாறாத வழக்கமாகிவிட்டது. ஐந்து வகுப்புகளை ஒருவரே நடத்தும் பள்ளியில், பின்னத்தில் தடுமாறும் குழந்தையிடம் ‘எப்படிச் செய்தாய்’ என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கும்?

அந்த வெற்றிடத்துக்குக் குடும்பங்கள் தம் பையிலிருந்து விலை கொடுக்கின்றன. தேசிய மாதிரி ஆய்வின் 80ஆவது சுற்றில் 2025இல் எடுக்கப்பட்ட கல்விக் கணக்கெடுப்பின்படி, மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சிக்குச் செல்கின்றனர், நகரங்களில் 30.7 விழுக்காடு, கிராமங்களில் 25.5 விழுக்காடு. இது நகர்ப்புற வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று இனி யாரும் ஒதுக்க முடியாது. விவசாயக் கூலித் தொழிலாளியின் குடும்பமும் கடன் வாங்கி ட்யூஷனுக்கு அனுப்புகிறது. பள்ளிக் கல்விக்கு வரிவிலக்கு உண்டு. வணிகத் தனிப்பயிற்சிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி. பள்ளியை நலிய விட்ட ஒன்றிய அரசு, அந்த நலிவால் வளரும் சந்தையிலிருந்து வரியும் வசூலிக்கிறது.

இந்தச் சந்தையின் குணத்தை அறிய மைசூருவிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூருவைப் பார்த்தால் போதும். 2011இல் தொடங்கப்பட்டு, 2015இல் செயலியை வெளியிட்ட பைஜூஸ், பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடலைப் பயன்படுத்தி 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமாகக் கொண்டாடப்பட்டது. கிரிக்கெட் அணியின் சட்டையிலும், கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தின் விளம்பரப் பலகையிலும் அதன் பெயர் மின்னியது. அதே 2022 அக்டோபரில் 2,500 ஊழியர்களை வெளியேற்றப் போவதாக அது அறிவித்தது. டிசம்பரில், பெற்றோரை வற்புறுத்திக் கடன் ஒப்பந்தங்களில் கையெழுத்திட வைக்கிறார்கள் என்ற புகார்களின் பேரில், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைமை நிர்வாகியை நேரில் அழைத்தது. 2024 ஜூலையில், 158 கோடி ரூபாய் நிலுவைக்காகக் கிரிக்கெட் வாரியம் தொடுத்த மனுவின் பேரில், பெங்களூருவில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கைக்கு அனுமதி அளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சில ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திய பெற்றோர், திவால் சட்டத்தின் வரிசையில் பிணை வைத்துக் கடன் கொடுத்த நிதி நிறுவனங்களுக்குப் பின்னால்தான் நிற்க முடியும். இலட்சக்கணக்கான குழந்தைகள் எந்தப் பாடத்தில் எத்தனை நொடி தயங்கினார்கள் என்பது வரை பதிவு செய்த அந்த ஏடுகளுக்கு, நிறுவனம் திவாலாகும் நாளில் யார் பொறுப்பு?

ஒரு பள்ளி மூடப்பட்டால் அதன் சேர்க்கைப் பதிவேடு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. செயலி மூடப்பட்டால் அதன் பதிவேடு கடன்காரர்கள் மதிப்புப் போடும் சொத்துகளில் ஒன்றாகிவிடும் ஆபத்து இருக்கிறது. இது வெறும் அச்சமல்ல. 49 அரசுகள் பரிந்துரைத்த கல்வித் தொழில்நுட்பக் கருவிகளை ஆராய்ந்து மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் 89 விழுக்காடு குழந்தைகளின் உரிமைகளை ஆபத்துக்கு உள்ளாக்கும் வகையில் தரவுகளைக் கையாண்டதாகக் கூறியது. ஒன்றிய அரசின் தீக்ஷா செயலியும் அதில் இடம்பெற்றது. 2023 ஜனவரியில், அதே தீக்ஷாவின் பாதுகாப்பற்ற சேமிப்பகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் மற்றும் மாணவர்களின் விவரங்கள் திறந்து கிடந்தது அம்பலமானது. அரசின் கையில் இருப்பதாலேயே ஒரு கருவி பொதுமக்களுடையதாகிவிடாது என்பதற்கு இது சான்று.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, குழந்தைகளைப் பின்தொடர்வதையும், அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. நல்ல பிரிவு. ஆனால் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், கல்விச் செயல்பாடுகளுக்காகவும் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் பின்தொடர்வதற்குக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. ஒரு பள்ளி வருகைப் பதிவு வைத்திருக்க இந்த விலக்கு தேவை என்பதை ஏற்கலாம். ஆனால் கல்வி நிறுவனம் என்பது தொழிற்கல்வி உட்படக் கல்வி அளிக்கும் எந்த நிறுவனமும் என்று அகலமாக வரையறுக்கப்பட்டிருக்கையில், இலாப நோக்கில் இயங்கும் தனிப்பயிற்சித் தளமும் அதே கதவின் வழியே நுழைய முயலும். நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளோ பதினெட்டு மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். கதவு திறந்தே கிடக்கும் இந்தக் காலத்தில் எவ்வளவு திரட்ட முடியுமோ அவ்வளவையும் திரட்டிக்கொள்ள முதலாளிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருவியின் மறுமுனையில் இருப்பவர் தனிப்பயிற்சியாளர். மூலதனம் முதல் தொகுதியில் உற்பத்தித் திறனுள்ள உழைப்பை விளக்க மார்க்ஸ் ஒரு பள்ளி ஆசிரியரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார் என்பது தோழர்கள் அறிந்தது. பள்ளி உரிமையாளரின் பணத்தைப் பெருக்கும்போது, முதலாளித்துவத்தின் பார்வையில் ஆசிரியரின் உழைப்பும் ஆலைத் தொழிலாளியின் உழைப்பைப் போன்றதே என்று 1867இல் அவர் காட்டினார். இன்றைய தளத்தில் அந்த உரிமையாளர் முகம் காட்டுவதில்லை. முதுகலை படித்துவிட்டு நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் இளம்பெண், மணிக் கணக்கில் கூலி பெற்று, தன் இணைய இணைப்புக்கும் மின்சாரத்துக்கும் தானே செலவழித்து, பெற்றோர் தரும் நட்சத்திரக் குறியீட்டுக்கு அஞ்சிப் பாடம் நடத்துகிறார். குறியீடு குறைந்தால் வகுப்புகள் குறைகின்றன. ஏன் குறைந்தது என்று கேட்க ஓர் அலுவலகக் கதவுகூட இல்லை. மாணவரின் முன்னேற்றத்தை அளப்பதாகச் சொல்லும் அதே திரை அவரையும் அளந்துகொண்டிருக்கிறது. உணவு விநியோகத் தொழிலாளிக்கும் இவருக்கும் இடையே சட்டையின் நிறமே வேறுபாடு.

தொழிற்சங்கங்களின் நெடிய வற்புறுத்தலுக்குப் பின் 2025இல் கர்நாடகம் இயற்றிய மேடைவழிக் கிக் தொழிலாளர் நலச் சட்டத்தில், தொழில்முறைச் சேவை அளிக்கும் தளங்களும் அட்டவணையில் உள்ளன. தொழிலாளிக்குத் தரும் ஒவ்வொரு தொகையின் மீதும் 1 முதல் 5 விழுக்காடு வரை நல நிதிக்குத் தளம் செலுத்த வேண்டும். தானியங்கி முறையில் கண்காணித்து முடிவெடுக்கும்போது அதன் அடிப்படையைத் தெரிவிக்க வேண்டும். இணையவழித் தனிப்பயிற்சியாளர்கள் இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறுவதைத் தொழிற்சங்க இயக்கம் உடனடி வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். தம்மைத் தொழிலாளி என்று கருதத் தயங்கும் படித்த இளைஞரிடம் பேசுவது எளிதல்ல. ஆயினும் நட்சத்திரக் குறியீடு ஒருமுறை குறைந்த பிறகு அந்தப் பேச்சு அவ்வளவு கடினமாக இருக்காது.

குறைந்த ஆசிரியர்களைக் கொண்டு நிறையப் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம் என்ற ஆசை கணினியோடு பிறந்ததல்ல. 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். நம்மூர்த் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கத்தை ஒத்து, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பயிற்றுவிப்பவர், பயில்பவர் என்று இணை சேர்த்து, அன்றாடம் யார் எவ்வளவு கற்றார் என்பதைப் பதிவேட்டில் குறிக்கச் செய்தார். 1797இல் லண்டனில் அவர் அதை நூலாக்கியபின், ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் அது பரவியது. தொழிற்புரட்சிக்கால ஏழைக் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூடத்தில், ஒரே ஆசிரியரின் கீழ் அமர்த்தப்பட்டனர். செலவு குறைவு என்பதே அதன் பெரும் கவர்ச்சி. செல்வந்தரின் பிள்ளைகள் அந்தக் கூடங்களுக்கு அனுப்பப்படவில்லை. இங்கிருந்து போன அந்த மலிவுக் கல்வியின் தத்துவமே இப்போது திரையும் நிரலுமாகத் திரும்பி வந்திருக்கிறது. ஏழைக் குழந்தைக்குச் செயலி, பணக்காரக் குழந்தைக்கு ஆசிரியர் என்னும் பிரிவினை மெல்ல நிலைபெற்று வருகிறது.

தடை ஒன்றே தீர்வாகாது. 2021 ஜூலையில் சீனம், பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சியில் இலாபம் ஈட்டுவதைத் தடை செய்து, பல்லாயிரம் கோடி டாலர் சந்தையை ஒரே ஆணையில் முடக்கியது. மூலதனத்தின் கழுத்தைப் பிடிக்க அரசால் முடியும் என்பதை அது காட்டியது. ஆனால் தேர்வுப் போட்டி தளராத இடங்களில் ட்யூஷன் மறைவாகத் தொடர்ந்தது. 2020 ஜூனில் கர்நாடக அரசு சிறு வகுப்புகளுக்கு இணைய வகுப்பைத் தடை செய்தபோது, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது.

கேரளம் வேறு வழியில் சென்றது. அன்றைய இடது ஜனநாயக முன்னணி அரசு 2020 ஜூன் 1 அன்று, கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. தொடங்கிய நாளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொலைக்காட்சியோ கைபேசியோ இல்லை என்பது தெரியவந்தது. அந்தக் குறையை மூடி மறைக்காமல், நூலகங்களிலும் ஊர் மையங்களிலும் பொதுத் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டன. ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் அமைப்புகளும் கருவிகள் திரட்டிக் கொடுத்தன. பாடத்தை நடத்தியவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். பள்ளிகளின் கணினிகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருள். எந்தக் குழந்தையின் தயக்கமும் எந்த முதலீட்டாளருக்கும் விற்கப்படவில்லை.

பொதுத்துறைக் கருவி என்ற பெயரில் ஆசிரியரை எழுத்தராக்குவதும் மறுபக்கத்து நோய். தமிழ்நாட்டில் எமிஸ் பதிவேற்றத்துக்கு எதிராக ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பினர். கர்நாடகத்தில் மாணவர் சாதனைக் கண்காணிப்பு அமைப்பு ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண்ணைத் தந்திருக்கிறது. எண் இருக்கிறது, அந்த எண்ணுக்குரிய குழந்தைக்கு மாலையில் அரைமணி நேரம் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. மேலிருப்பவர் பார்ப்பதற்காக மட்டும் நிரப்பப்படும் பதிவேடு, அரசு வைத்தாலும் தனியார் வைத்தாலும், கற்றலுக்கு உதவுவதில்லை. வகுப்பாசிரியர் அடுத்த நாள் பாடத்தைத் திட்டமிட அதிலிருந்து ஏதேனும் பெறுகிறாரா என்பதே உரைகல்.

இப்படியொரு பொதுக் கருவியை உருவாக்கத் தேவையான அனைத்தும் மைசூரு என்ற ஒரே நகரில் இருக்கின்றன. தென் மாநிலங்களுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் மண்டலக் கல்வி நிறுவனம் 1963 முதல் அங்கே இயங்குகிறது. 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்திடம் தமிழும் கன்னடமும் உள்ளிட்ட மொழிகளின் தரவுத் தொகுப்புகள் உள்ளன. மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அங்கேதான். கன்னடம் பல்கலைக்கழகக் கல்வியின் மொழியாக வேண்டும் என்று போராடிய குவெம்பு பெயர் சூட்டிய மானசகங்கோத்ரி வளாகம் அருகிலேயே. அயல்நாட்டுப் பதிப்பகங்களுக்கு உழைக்கும் பொறியாளர்களின் திறமையும் அதே நகரினுடையது. கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் இயங்கும், கட்டற்ற மென்பொருளால் ஆன, குழந்தையின் ஏட்டைப் பள்ளிக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு கருவியை இவை ஒன்றுகூடிச் செய்ய முடியாததற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை. அவற்றுக்கு அந்தப் பணியை ஒப்படைக்க ஒன்றிய ஆட்சிக்கு மனமில்லை. 2025 ஆகஸ்டில் சுக்தேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையத்தின் அறிக்கையைப் பெற்றுக்கொண்ட கர்நாடக அரசும் இதில் முன்கை எடுக்கலாம்.

அதுவரை கிளைகள் செய்யக்கூடியது உண்டு. கர்நாடகத்தில் பள்ளி வளர்ச்சி மற்றும் மேற்பார்வைக் குழுவிலும், தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோராக உறுப்பு வகிக்கும் தோழர்கள், அடுத்த கூட்டத்தில் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவைக் கையில் எடுத்துச் சென்று மூன்று கேள்விகளை எழுப்பி, விடைகளைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். இந்தப் பள்ளியில் கூடுதல் பயிற்சி தேவைப்படும் குழந்தைகள் எத்தனை பேர், அதை அவர்களுக்கு எந்த நேரத்தில் யார் அளிக்கிறார், அளிக்க ஆளில்லையெனில் எத்தனை பணியிடங்கள் எந்த நாளிலிருந்து காலியாக உள்ளன.